வேப்பம்பட்டுக்கு ஒன்றரை

பங்குனி வந்ததைக் காலண்டருக்கு முன்னால்
எங்கள் பால்கனிக் கொடிதான் சொல்லும்.
காய்ந்த பனியன் மடிப்பிலிருந்து
வேப்பம்பூ கொட்டும்.
தமயந்தி உதறுவாள், திட்டுவாள்.
அவள் போனதும் கூட்டி அள்ளி
முறத்தில் போடுவேன். ரசத்துக்கு ஆகும்.

வில்லிவாக்கத்தில் எங்கள் வீடு
மூன்று தவணையில் விடியும்.
நாலரைக்கு நான், தண்ணீர் மோட்டாருக்காக.
ஆறேகாலுக்கு மாப்பிள்ளை,
ஷூவின் ஒற்றையைத் தேடிக்கொண்டு.
ஏழரைக்கு, அம்பத்தூர் எஸ்டேட்டில்
நைட் ஷிப்டு முடித்து மகள் வருவாள்.
அவளுக்கு அதுதான் ராத்திரி.
நின்றபடியே நாலு இட்லி,
ஜன்னலுக்கு ஒரு போர்வை.
அதற்குப் பிறகு குக்கர்கூட விசிலடிக்கக் கூடாது,
வாய் திறக்குமுன் அடுப்பை அணைப்பேன்.
குக்கருக்குச் சொல்லலாம்.
யூகேஜி லீவில் இருக்கும் ரோஷனுக்கு
யார் சொல்வது?

ஆகவே வெளியே.
ரேஷன் கடைக்கு. பேங்குக்கு, பாஸ்புக் போட.
சிட்கோ நகர் பார்க்குக்கு,
பொங்கலிலிருந்து ஒற்றைச் சங்கிலியில்
தொங்கும் ஊஞ்சலைப் பார்க்க.
வழியில் புங்கமரம்
நிறுத்திவைத்த கார் மேலெல்லாம் பூவைக் கொட்டியிருக்க
“பாப்கார்ன்” என்று வாரிக்கொண்டான்.
பொரி என்று திருத்த வாயெடுத்தேன்.
சரி, பாப்கார்னே இருக்கட்டும்.

இருபத்தாறு வருஷம் டிக்கெட் கொடுத்தவள் நான்.
கண்ணாடிக்குக் கீழே ஒரு பிறைத் துளை,
அதில் நுழையும் கைகளைத்தான் எனக்குத் தெரியும்.
மீன் செதில் ஒட்டிய கை,
ஓட்டு மை காயாத கை,
காலேஜ் பிள்ளைகளின் பேனா எழுதிய கை.
காலை ஆறு ஐம்பதுக்கு ஒன்று வரும்:
கட்டைவிரலில் நகமே கிடையாது.
“வேப்பம்பட்டு ஒண்ணு.”
ஒன்பது வருஷம். ஒருநாளும் சில்லறைத் தகராறில்லை.
முகத்தைப் பார்த்ததில்லை,
குனிந்தால் பின்னால் இருப்பவர் கத்துவார்.

ரோஷனுக்கு மாசியில் ஐந்து முடிந்தது.
“எனக்கும் டிக்கெட் வேணும்” என்றான்.
முதல் தடவையாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
கையை நீட்டினேன்.
“வேப்பம்பட்டு ஒண்ணரை.”
ஏன் அந்த ஊர் வாயில் வந்ததோ.
உள்ளே இருந்த பெண் நிமிரவில்லை.
நான்கூட நிமிர்ந்ததில்லையே.

இந்து காலேஜ் ஸ்டேஷன் வந்ததும்
“காலேஜ் எங்க?” என்றான்.
எனக்கும் தெரியவில்லை.
பட்டாபிராம் தாண்டி நெமிலிச்சேரி, திருநின்றவூர்,
ஒப்பிப்பேன், தூக்கத்தில் கேட்டாலும்.
ஒன்றிலும் இறங்கியதில்லை.

வேப்பம்பட்டில் வெயில் இருந்தது.
ஒரு டீக்கடை, சைக்கிள் ஸ்டாண்ட்,
போஸ்டரைத் தின்னும் ஆடு.
வேப்பமரம் ஒன்று இருந்திருக்கும்,
என் கண்ணில் படவில்லை.
நான் பார்த்துக்கொண்டிருந்தது கட்டைவிரல்களை.
கிளாஸ் பிடித்தவை, பேப்பர் பிடித்தவை,
எல்லாவற்றிலும் நகம்.
டீக்கடைக்காரர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.
“யாராச்சும் தெரிஞ்சவங்களா மேடம்?”
என்னவென்று சொல்வது.
“ஒரு பன் குடுங்க” என்றேன்.
ரோஷன் பாதியை ஆட்டுக்குப் போட்டான்.
ஆடு மோந்துவிட்டுப் போஸ்டருக்கே போனது.

திரும்பும் ரயிலில் மகள் போன்:
“கேஸ் புக்கு எங்கம்மா வச்ச? நீ எங்க இருக்க?”
“பக்கத்துலதான்.”
நாற்பது வருஷத்தில்
இப்படி ஒரு பொய் சொன்ன ஞாபகம் இல்லை.
முட்டி வலித்தது. சிரிப்பும் வந்தது.

இப்போது மறுபடி வீடு. மகள் மறுபடி தூங்குகிறாள்.
பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு
அதன் முதுகுத் துளையில் கையை விட்டு
ரோஷன் கிசுகிசுக்கிறான்:
“புட்லூர் ஒண்ணரை.”
குனிந்தால் முகம் தெரியும்.
நகத்திடுக்கில் அழுக்கு,
ஒரு புங்கம்பூ கசங்கி ஒட்டியிருக்கிறது.
நகவெட்டி எங்கே வைத்தேன்?